மூன்று வண்டிக்கு ஒரு சிலிண்டர்

லாரித் தொழிலில் ஓட்டுகிற நேரத்தைவிட ஓரங்கட்டி நிற்கிற நேரம்தான் அதிகம். ஸ்ரீபெரும்புதூரில் சரக்கு ஏற்றி ஒரகடத்தில் இறக்குபவன் நான். இடையில் யார் கை காட்டினாலும் ஆர்.சி. புத்தகத்தோடு இறங்கி ஓட வேண்டும். நீங்களும் ஸ்டீயரிங் பிடிப்பவர் என்றால், இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும்.

பின்லைட்

கம்பெனிக்குள் லோடு ஏற்றும்போது அவர்களுடைய ஃபோர்க்லிஃப்ட் இடித்து என் பின்லைட் உடைந்தது. மாற்றிக்கொண்டு கிளம்புகிறேன் என்றேன். லோடு லேட்டானால் ஒரகடத்தில் உற்பத்தி லைன் நின்றுவிடும் என்று விரட்டிவிட்டார்கள். ஒரகடத்தை நெருங்கும்போது வண்டிச் சோதனை.

நடந்ததையெல்லாம் சொன்னேன். அந்த ஆபீசர் கெட்டவர் இல்லை, முழுக்கக் கேட்டார். உடைந்த கண்ணாடித் துண்டைக்கூடக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "நீ சொல்றது நெசம்தான்யா. ஆனா இந்த மெஷின்ல அதுக்கு பட்டன் இல்ல."

அது என் பேரில் இரண்டாவது கேஸ். மூன்றாவது வந்தால் மூன்று மாதம் லைசென்ஸை முடக்குவோம் என்று எச்சரித்து அனுப்பினார்கள். என் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருவன்தான். அன்றிலிருந்து ரோட்டோரம் காக்கிச் சட்டை தெரிந்தாலே வேகத்தைக் குறைத்து, காகிதங்களை இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பேன்.

ஒன்பதாம் நம்பர் ஷூ

கம்பெனி கேட்டில் சேஃப்டி ஷூ இல்லாத டிரைவரை உள்ளே விடமாட்டார்கள். எங்கள் முதலாளிக்கு மூன்று லாரி. டிரைவர்கள் நான், ஏழுமலை, பாபு. மூவருக்கும் சேர்த்து அவர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஜோடி, ஒன்பதாம் நம்பர். உள்ளே போய்விட்டு வருபவன் கழற்றிக் கொடுப்பான், அடுத்தவன் மாட்டிக்கொள்வான். என் கால் ஏழு. பெருச்சாளி பானைக்குள் கால் விட்ட மாதிரி நடப்பேன்.

ஒருநாள் கேட்டில் இருந்த செக்யூரிட்டி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவேட்டில் 'ஷூ உண்டு' என்று எழுதினார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "இந்த ஷூவ இன்னிக்கு மூணாவது வாட்டி பாக்கறேன். கால்தான் மாறிகினே கீது."

டீக்கடையில் தொங்கியது

தீயணைக்கும் சிலிண்டரும் அப்படித்தான். மூன்று வண்டியிலும் ஒவ்வொன்று உண்டு, ஆனால் தேதி தாண்டாதது ஒன்றுதான். ஒரகடத்துக்கு முன்னால் ஒரு அக்காவின் டீக்கடை. சோதனை எப்போதும் அந்தக் கடையைத் தாண்டித்தான் நடக்கும். போகும்போது சிலிண்டரைக் கடையிலிருந்து எடுத்துக்கொள்வோம், திரும்பும்போது அதே ஆணியில் மாட்டிவிட்டு வருவோம். அடுத்த வண்டி அதை எடுத்துக்கொள்ளும். எங்களுக்குள் எழுதாத சட்டம் அது.

நாங்கள் எதையோ பெரிதாகச் சாதித்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டு டீ குடிப்போம். அக்கா ஒருநாள் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "நெருப்பும் உங்கள மாரி முறை வெச்சினு வருமா, இன்னா?"

ஆணி காலியாக இருந்த நாள்

அன்று சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். டீக்கடை வரப்போகிற நேரம் பாபு போன் செய்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் நிற்கிறார்களாம், யாரோ சொன்னார்களாம். எனக்கு மூன்றாவது கேஸ்தான் கண்ணில் தெரிந்தது. கடையில் நிறுத்தாமல், சிலிண்டரோடு போய்விட்டேன். போய்ப் பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லை.

அதற்குள் எதிர்ப்பக்கம் ஏழுமலை லோடோடு கடைக்கு வந்துவிட்டான். ஆணி காலி. நேரமாகிறது என்று கம்பெனியிலிருந்து போன்மேல் போன். சரி, இன்று ஒருநாள்தானே என்று கிளம்பியிருக்கிறான். இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் டேஷ்போர்டுக்கு அடியில் ஒயரிங் புகைந்து தீப்பிடித்துக்கொண்டது. குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை ஊற்றினான். ரோட்டோர மண்ணைக் கைகளால் அள்ளி அள்ளிப் போட்டான். பழைய சிலிண்டரை அழுத்தினால் வெறும் காற்றுகூட வரவில்லை. சரக்கைக் காப்பாற்றிவிட்டான். இரண்டு கைகளும் வெந்துபோயின.

சோதனைக்கு நின்றவர்கள்தான் ஓடிவந்து அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பிறகு கருகிய கேபினுக்குள் எட்டிப் பார்த்து, தேதி முடிந்த சிலிண்டருக்கு ஒரு கேஸும் எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாலாஜாபாத்தில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் இனி முழுசாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சிலிண்டர் என் வண்டியில்தான் இருந்தது, பயத்தில் வேண்டுமென்றேதான் நிறுத்தாமல் போனேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவன் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். திட்டுவான், திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை வாயிலிருந்த சோற்றை மென்று முழுங்கிவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டான்: "உன் லைசென்ஸ் தப்பிச்சுதா?"

இப்போது மூன்று வண்டியிலும் தனித்தனியாகப் புது சிலிண்டர் தொங்குகிறது, ஓட்டத்தான் நாங்கள் இரண்டே பேர் இருக்கிறோம்.