வேடியப்பன் மெதுவாக எழுந்த கதை

வேங்கிக்கால் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருந்த வேடியப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவார். வருவது அதிகாரியா, மனு கொடுக்க வந்தவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. தபால்காரருக்கே தினம் இரண்டு முறை எழுந்தவர்.

ஆடி மாதத்தில் ரத்த அழுத்தம் ஏறி, நெஞ்சு படபடத்தது. டாக்டர் கார்வெடிலால் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஒரே மாத்திரை இதயத்தின் வேகத்தையும் குறைக்குமாம், ரத்தக் குழாய்களையும் தளர்த்துமாம்.

"சாப்ட்டுட்டுதான் போடணும். சட்டுனு எழுந்துடாதீங்க. ரத்தம் கால்லயே தங்கி, தலை சுத்தும்" என்றார் டாக்டர். வேடியப்பன் அதற்கும் எழுந்து நின்று தலையாட்டினார்.

மறுநாள் இட்லி வேகும்வரை பொறுமையில்லாமல், வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனார். பத்து மணிக்குப் புது அதிகாரி கீதாஞ்சலி உள்ளே வந்தார். வேடியப்பன் துள்ளி எழுந்தார். சுவர் ஒரு பக்கம் போனது, மின்விசிறி ஒரு பக்கம் போனது. கண் திறந்தபோது அவர் நெற்றி அதிகாரியின் செருப்பருகே இருந்தது.

"வயசுல பெரியவரு, கால்ல விழலாமாங்க? இந்தப் பழக்கமே எனக்குப் பிடிக்காது" என்று கடிந்துவிட்டுப் போனார் கீதாஞ்சலி. வேடியப்பன் தரையில் கிடந்தபடியே கும்பிட்டார்.

அதன்பின் மனைவி உண்ணாமலை நான்கு இட்லி உள்ளே போகாமல் மாத்திரையைக் கண்ணில் காட்டுவதில்லை. அலுவலகத்தில் அவர் மேசையைப் பிடித்து, காலை அசைத்து, மெல்ல எழுவதற்குள் கீதாஞ்சலி தன் அறைக்குள் உட்கார்ந்திருப்பார். அதிகாரிக்கே எழாத வேடியப்பனுக்குச் சென்னையில் பெரிய ஆள் பலம் இருப்பதாக எழுத்தர் சகாதேவன் கிளப்பிவிட்டார். அவரை டீ வாங்க அனுப்பியவர்கள் அவருக்கே டீ வாங்கி வந்தார்கள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் கீதாஞ்சலி அவரைப் பாராட்டியே விட்டார். காலில் விழக்கூடாது என்று ஒருமுறைதான் சொன்னேன், எவ்வளவு நிதானமாகிவிட்டார் பாருங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வேடியப்பனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. கூட்டம் முடிந்ததும் உள்ளே போய் மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தார்.

"அன்னிக்கி நான் கால்ல விழல மேடம். இதுதான் தள்ளிவுட்டுடுச்சு."

கீதாஞ்சலி உதட்டைக் கடித்துப் பார்த்தார், சிரிப்பு நிற்கவில்லை. பிறகு திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார். மயங்கி விழுந்ததை டாக்டரிடம் சொல்லவேயில்லை என்று தெரிந்ததும், அன்றே சகாதேவனின் ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்பினார். டாக்டர் அளவைக் குறைத்தார்.

பத்து நாளில் தலைச்சுற்றல் நின்றது. இனி கொஞ்சம் வேகமாக எழலாம் என்றார் டாக்டர். வேடியப்பனுக்குத்தான் மனசு வரவில்லை.