பைக்குள் போன அறுகம்புல்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. ஒஸ்லோவில், வெஸ்ட்லியில் உள்ள எங்கள் ஏழாம் மாடி வீட்டில் தொடங்கியது இது.

தாவரவியல் படிக்கும் என் மகள் வரவேற்பறையில் வெள்ளை விரிப்பு விரித்து, சப்பாத்து, மழைச்சட்டை, முதுகுப்பை எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொரு பொக்கற்றாகத் துப்புரவு செய்துகொண்டிருந்தாள். அடுத்த நாள் பேராசிரியையோடு அத்திலாந்திக் நடுவில் ஓர் எரிமலைத் தீவுக்குப் பயணம்.

"கோயிலுக்குக்கூட நீ இப்பிடித் துப்புரவாய்ப் போனதில்லையே" என்று சீண்டினேன்.

அவள் விளக்கத் தொடங்க, நான் வாயைப் பிளந்தபடி கேட்டேன். கடலடியில் நெருப்புக் கக்கி எழும்பிய தீவாம். எந்தக் கண்டத்தோடும் ஒருநாளும் ஒட்டியிருந்ததில்லை. கல் ஆறிய பிறகு காற்றிலும் அலையிலும் பறவைக் காலிலும் வந்து சேர்ந்தவைதான் அங்கே முளைத்தன. உலகில் வேறெங்கும் இல்லாத செடிகளும் உண்டாம். அகதியாக வந்து இறங்கியவன் நான். அந்தச் செடிகள்மேல் எனக்கு ஒரே பாசம் வந்துவிட்டது. வெளிப் புல்பூண்டு ஏதும் போனால் அவற்றை அமுக்கிவிடும். அதனால் அன்று பின்னேரமே பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை. அதில் ஏதும் பிடிபட்டால் பயணமே இல்லை.

இவ்வளவும் கேட்ட பிறகுதான் நான் அந்த வேலையைப் பார்த்தேன். அவள் குளிக்கப் போன நேரம், பிள்ளையாருக்கென்று யன்னலோரம் வளர்க்கும் அறுகில் ஒரு கொத்தைப் பிடுங்கி, திருநீற்றுப் பொட்டலத்தோடு பையின் உள்பொக்கற்றில் செருகிவிட்டேன். பிள்ளை வெறுமனே பயணம் போகலாமா? அறுகு எனக்குப் பிரசாதம். அது புல் என்பது மண்டையில் ஏறவேயில்லை.

அவள் பையோடு பல்கலைக்கழகம் போன பிறகு சாடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அறுகின் ஒரு கொடி பக்கத்துக் கறிவேப்பிலைச் சாடிக்குள் இறங்கி, அங்கேயும் வேர் விட்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது, பையில் நான் வைத்ததும் புல்தான். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டதே! கைபேசியில் அழைத்தேன், அவள் எடுக்கவில்லை. வீட்டுச் செருப்போடு ஓடி ரயில் ஏறினேன்.

நான் போய்ச் சேரும்போது பை மேசைமேல் இருந்தது, இன்னும் திறக்கவில்லை. மூச்சு வாங்க, அரைகுறை நொர்வேஜிய மொழியில் பேராசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வைக்கவில்லை, நான்தான் வைத்தேன் என்று மூன்று தரம் சொல்லியிருப்பேன். மகள் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பேராசிரியை கொத்தை எடுத்து ஓர் உறையில் போட்டு மூடினார். பிறகு பையைத் தலைகீழாகப் புரட்டித் தேடினார். தையல் இடுக்கில் நகத்தளவு துண்டு இன்னொன்று அகப்பட்டது, கணுவில் வெள்ளை வேரோடு. ஒரு சரிவு முழுக்கப் பரவ இது போதும் என்றார். சிறிது நேரம் என் செருப்பைப் பார்த்தார். பிறகு, பை இங்கேயே இருக்கட்டும், பிள்ளை பயணம் வரட்டும் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள்: "அப்பா, இனிமேல் திருநீறை என்ரை நெத்தியிலை மட்டும் பூசுங்கோ."

இரவல் பையோடு போனாள். ஒரு கிழமையில் படம் வந்தது: கரிய பாறை வெடிப்பில் விரலளவு பன்னம், பூக்காத ஒரு சிறு செடி. ரயிலில் பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டினேன்.

ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி வாழ என்று பிள்ளைகளை இப்போதும் வாழ்த்துகிறேன். எங்கே வேரோடக் கூடாது என்பதை மட்டும் அந்தத் தீவு எனக்குச் சொல்லித் தந்தது.