கன்றிப்போன கை

செலியமேட்டில் கட்டிக்கொடுத்த தங்கையைப் பார்க்கப் போனபோது, அவள் முழங்கைக்கு மேலே நீலநீலமாகக் கன்றியிருந்தது. தொடையிலும் இருக்கிறதென்று பக்கத்து வீட்டுக்காரி காதைக் கடித்தாள். மாப்பிள்ளை எப்போதாவது குடிப்பவர். எனக்கு அது போதும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கன்னத்தில் அறைந்தேன்.

“அவரு அடிக்கலண்ணா. எப்டி வந்துச்சின்னே தெரியல,” என்றாள் தங்கை.

அடிவாங்கும் பெண்கள் எல்லாரும் இப்படித்தான் புருஷனை மூடி மறைப்பார்கள் என்று, எல்லாம் தெரிந்தவன் போல் நினைத்துக்கொண்டேன். கையோடு எங்கள் ஊர் உறுவையாற்றுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அவள் படுத்தே கிடந்தாள். விட்டுவிட்டுக் காய்ச்சல் வேறு. மனசு உடைந்தால் அப்படித்தான் என்றேன். பல் துலக்கினால் ரத்தம் வந்தது. பிரஷ்ஷை மாற்றச் சொன்னேன். மாப்பிள்ளை இரண்டு முறை வண்டியில் வந்தார். “ஆஸ்பத்திரிக்கி மட்டும் இட்டுனு போறேன் மச்சான். திரும்ப இங்கயே வுட்டுடறேன்,” என்று கெஞ்சினார். வாசலோடு திருப்பி அனுப்பினேன். தெருவே என்னை மெச்சியது.

மூன்றாவது வாரம் மூக்கில் வழிந்த ரத்தம் நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோய். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தால் அடிபடாமலே உடம்பு கன்றும் என்றார் டாக்டர். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

“நாந்தான் சார் கவனிக்கல,” என்றார் மாப்பிள்ளை.

அந்தப் பழியை அவர் மேலேயே விட்டுவிட்டேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

கீமோ மாதக்கணக்கில் நடந்தது. முடி கொட்டியது, வாயெல்லாம் புண். ஒருமுறை கிருமி தொற்றிப் பிழைப்பாளா என்றாகிவிட்டது. தட்டணு ஏற்ற வேண்டிய நாளெல்லாம் ரத்தம் கொடுக்க மாப்பிள்ளைதான் ஆள் திரட்டி வந்தார். இப்போது மஜ்ஜையில் நோய் தெரியவில்லை. மாத்திரை தொடர்கிறது, மாதாமாதம் ரத்தம் பார்க்கிறோம். ரிப்போர்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் ரிப்போர்ட் நல்லபடியாக வந்ததும், ஆஸ்பத்திரி வாசலில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். “அத்த வுடு மச்சான்,” என்றார். தங்கை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவர்கிட்ட கேட்டுட்ட. அவரு அடிக்கலன்னு நான் சொன்னத நீ நம்பவே இல்லியே, அதுக்கு எங்கிட்ட எப்பண்ணா கேப்ப?” என்றாள்.