பச்சையில் எழுதிய எடை

வார்டு கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே போகாமல் இருந்துவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய தெருவில் ஒரே ஒரு வாடகை அறை, அதுதான் எங்கள் அங்கன்வாடி. நான் அங்கே ஆசிரியை. சமையலறை கிடையாது. வேறொரு மையத்தில் சமைத்து ஆட்டோவில் அனுப்புவார்கள். பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய சாப்பாடு ஒன்றரைக்கு வரும். அதற்குள் பிள்ளைகள் அழுது ஓய்ந்து தூங்கிப்போயிருக்கும். எழுப்பி ஊட்டினாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது.

சமையலறையோடு சொந்தக் கட்டடம் வேண்டும் என்று கவுன்சிலரிடம் மனு கொடுக்க அம்மாக்கள் முடிவு செய்தார்கள். முடிவு அவர்களுடையது, தூண்டிவிட்டது நான். வேலையில் இருக்கிறவள் மனுவில் தலைகாட்ட முடியுமா? என் கையெழுத்து மேலே இருப்பவர்களுக்கு அத்துப்படி. அதனால் நான் சொல்லச் சொல்ல ஒரு அம்மாவை எழுதவைத்தேன். 'எங்கள் பிள்ளைகளுக்கு எடை ஏறவில்லை' என்ற வரியை மட்டும் அவசரமாகச் சொல்லிக் கடந்தேன். வரி உண்மைதான். ஆனால் என் பதிவேட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எடை ஏறியிருந்தது.

மாதாமாதம் எடை பார்த்து ஒவ்வொரு பிள்ளையின் அட்டையிலும் புள்ளி வைக்க வேண்டும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. சிவப்பு விழுந்தால் மாதாந்திரக் கூட்டத்தில் ஆசிரியையை எழுப்பி நிற்கவைப்பார்கள். ஒருமுறை நான் நின்றிருக்கிறேன். "மத்தவங்க சென்டர்ல எல்லாம் நல்லா இருக்கு, உன் சென்டர்ல மட்டும் எப்படிம்மா? சத்துமாவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?" என்று மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அன்றைக்கு வந்தது அழுகைதான்.

அடுத்த மாதம் ஒரு பெண் குழந்தையைத் தராசில் தொங்கவிட்டேன். மூன்று வயது. அவள் அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை. கம்பெனி வேன் வருவதற்குள் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு ஓடுவாள். முள் ஒன்பதரைக் கிலோவில் நின்றது. சுத்தமாகச் சிவப்பு. நான் பதினொன்றே கால் என்று எழுதினேன். அடுத்த மாதம் ஏறிவிடும், அப்போது சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஏறவில்லை. எழுதிய எடை இறங்கினால் கேள்வி வருமே என்று பதினொன்றரை போட்டேன். இப்படி நான்கு மாதம். மஞ்சளில் இருந்த பிள்ளைகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். பொய்யாக எழுதிய குழந்தை வளர்ந்துகொண்டே போனது, நிஜக் குழந்தை அங்கேயே நின்றது. ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்வேனோ என்றுதான் முதலில் பயப்படுவேன். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நடுவில் இரண்டு முறை அவள் அம்மா கேட்டாள். "டீச்சர், பாப்பா சும்மா சும்மா சோந்து படுத்துக்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவட்டா? லீவு கேட்டா சூப்பர்வைசர் எகிறுவான், அதான் ரோசனையா கீது."

நான் அட்டையைப் பிரித்துக் காட்டினேன். "பச்சையிலதானே இருக்கு, பயப்படாதே" என்றேன். அவள் முகம் தெளிந்து வேனைப் பிடிக்க ஓடினாள்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, சமுதாயக் கூடத்தில். என்னை நிற்கவைத்த அதே மேலதிகாரியும் வந்திருந்தார். நான் கடைசி வரிசையில், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவள்போல் உட்கார்ந்திருந்தேன். மனுவைப் படித்தார்கள். மேலதிகாரி போனை எடுத்து எங்கள் மையத்தின் எடைக் கணக்கைத் தள்ளிப் பார்த்தார்.

"இந்த சென்டர்ல எல்லாப் பிள்ளையும் பச்சை சார். நாலு மாசமா ஒரு சிவப்புகூட இல்லை. கட்டடம் எங்க அவசியமோ அங்கதானே முதல்ல குடுக்க முடியும்?"

கவுன்சிலர் மனுவை மடித்து மேசையில் வைத்தார். "அப்ப நல்லாத்தானே நடக்குது" என்றார். அத்தனை அம்மாக்களின் கையெழுத்தையும் என் பேனாவே அடித்துவிட்டது என்று அந்த நிமிடம் புரிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போய்விடும்.

அப்போது அந்தக் குழந்தையின் அம்மா எழுந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் அட்டை. எனக்காகத்தான் எழுந்தாள்.

"எங்க டீச்சரு தங்கம் சார். எம் புள்ள பச்சைல கீதுன்னா அவங்கதான் காரணம். சோறு நேரத்துக்கு வர மாட்டேங்குது, அத்தோடயே இப்டி பாத்துக்குறாங்க. ஒரு சமையல் ரூமு குடுத்துப் பாருங்க, இன்னும் ஜோரா பாத்துப்பாங்க" என்று அட்டையை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள்.

மணி பதினொன்று. அத்தனை சத்தத்திலும் அந்தப் பிள்ளை அம்மாவின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை தொங்கியது. முழங்கையில் கிடந்த ரப்பர் வளையல் வழுக்கிக்கொண்டு மணிக்கட்டுக்கு வந்து, விரல் வழியாகக் கீழே விழுந்தது. இந்தப் பிள்ளை செத்துப்போய்விடும் என்று பட்டது. அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த அட்டை தப்பு சார். நான்தான் மாத்தி எழுதினேன். பாப்பா சிவப்பு. நாலு மாசமா சிவப்பு."

மேலதிகாரி ஏதோ கத்தினார், காதில் ஏறவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் புகழ்ந்த சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது. "இன்னா டீச்சர் சொல்றீங்கோ?" என்றாள். நான் திரும்பவும் சொன்னேன். அட்டையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

அன்றைக்கே பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டார்கள். மறுநாள் எனக்கு மெமோ வந்தது. மடித்து வைத்த மனுவைக் கவுன்சிலர் திரும்ப எடுத்துவைத்துக்கொண்டாராம், பார்க்கலாம் என்றாராம்.

மூன்றாம் நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அடிப்பாள், சாபம் விடுவாள், எது செய்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போயிருந்தேன். பிள்ளை கண்ணைத் திறந்து பாலைக் குடித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர் திட்டிட்டாரு. பெத்தவதானே நீ, இத்தினி நாளா இன்னா பண்ணிகினு இருந்தேன்னு கேட்டாரு."

"என் பேரைச் சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"சொல்லல. நாந்தான் கவனிக்காம உட்டுட்டேன், எந் தப்புதான்னுட்டேன்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "ஏற்கெனவே மெமோ குடுத்துகிறாங்களாமே. ஆஸ்பத்திரி சீட்டுலயும் உங்க பேரு ஏறிச்சுன்னா உங்கள தூக்கிடுவாங்கோ. ரூமைப் பூட்டிடுவாங்கோ. அப்பால இத்த யார் கைல குட்த்துட்டு நான் வேலைக்குப் போவேன்?"