காது வைத்துப் பார்த்த டைமிங்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். இருபத்தெட்டு வருடமாக மோட்டார் சைக்கிள் மெக்கானிக். வண்டி தெருமுனை திரும்பும்போதே, "வால்வு தட்டுது, உள்ள கொண்டாங்க" என்று தலை நிமிராமல் சொல்லுவார். சொன்னது தப்பாது. அதனால் தலைக்கனமும் கொஞ்சநஞ்சமில்லை, மறைத்து என்ன ஆகப்போகிறது!

ஆனால் இந்த ஒரு வருடமாகக் கூர்மையான சத்தங்கள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. முதலில் அலாரம் கடிகாரம். பிறகு வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் கீச்சிடுமே, அது. பேச்சு நன்றாகக் கேட்டது. என்ஜினின் தடதடப்பும் கேட்டது. மெல்லிய, கூரான சத்தம் மட்டும் காணவில்லை. மனைவியிடம் சொன்னாரா? மகளிடம் சொன்னாரா? மூச்சு விடவில்லை. காதுக்காரருக்கே காது போச்சு என்று தெரு சிரிக்குமே என்ற பயம்.

மகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். வாரம் இரண்டு முறை மலைக்கு அந்தப் பக்கம் போய், ரத்தக் குப்பிகளைக் குளிர்பெட்டியில் வைத்து பைக்கிலேயே கொண்டுவருவாள். ஏற்றத்தில் அவள் வண்டி திணறும். பின்னால் வரும் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே உயிரை வாங்குவார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் ஒரு தகட்டை வாங்கி வந்து நீட்டினாள். இக்னிஷன் டைமிங்கை முன்னே பின்னே நகர்த்தி வைக்க உதவுகிற, அளவுக்குக் கோடுகள் போட்ட தகடு அது.

"இத மாட்டினா வண்டி பறக்குமாமே, நெஜமாப்பா?"

"பறக்கறதுக்கு இது என்ன றெக்கையா? பொறி கொஞ்சம் முன்னாடியே விழும், அவ்வளவுதான். அளவா வச்சா மேட்டுல கொஞ்சம் இழுவை கெடைக்கும். அளவு தப்பினா, மேல ஏறி வர்ற பிஸ்டன் தலையிலயே வெடிக்கும். சூடு ஏறி பிஸ்டன் இறுகிப் புடிச்சுக்கும். ஓடற வண்டியில சக்கரம் அப்படியே நின்னுடும்."

"அளவு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான உங்கப்பன் இருக்கேன்!"

அவருக்கென்று ஒரு முறை உண்டு. தகட்டை ஒரு கோடு முன்னால் தள்ளுவார். மேம்பாலத்து ஏற்றத்தில் டாப் கியரிலேயே வண்டியை முறுக்குவார். அளவு தப்பியதற்கு அடையாளமாக, டப்பாவில் ஆணி குலுங்குகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் எந்தக் கோட்டில் தலைகாட்டுகிறதோ, அங்கிருந்து இரண்டு கோடு பின்னால் இழுத்து இறுக்கிவிடுவார். இப்படி வைத்த எந்த வண்டியும் புகாரோடு திரும்பி வந்ததில்லை.

மகளின் வண்டியில் மூன்றாவது கோட்டில் சத்தமில்லை. வழக்கமாக நாலாவதில் வந்துவிடும், அதிலும் இல்லை. ஐந்தாவது கோட்டுக்குத் தகட்டை நகர்த்திக்கொண்டிருந்தபோது எதிர்க்கடை ஸ்பேர் பார்ட்ஸ்காரர் குரல் கொடுத்தார்.

"அண்ணே, டைமிங் லைட்டு சும்மாதான் கெடக்கு. வெளிச்சத்துல பாத்தா கோடு பளிச்சுன்னு தெரியும். எடுத்துட்டு வரட்டுமா?"

"அதெல்லாம் காது இல்லாதவனுக்குப்பா!"

இருவரும் சிரித்தார்கள்.

ஆறாவது கோட்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. பாலத்தின் உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார். யாரையாவது பின்னால் ஏற்றிக்கொண்டு, 'உனக்குக் கேக்குதா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லையே, பாவி மனிதர்! இழுவை என்னவோ பிரமாதமாக இருந்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டார். இரண்டு கோடு பின்னால் வைத்து இறுக்கினால் கணக்கு சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அந்த இழுவையை விட்டுக்கொடுக்கப் பெருமை விடவில்லை. ஒரே ஒரு கோடுதான் பின்னால் இழுத்தார்.

நாலு நாள் கழித்து மகள் மலைக்குப் போனாள். மத்தியானம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தவரிடம் மனைவி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஏங்க, காலையில அவ தெருமுனை மேட்டுல முறுக்கறப்போ வண்டியில கலகலன்னு ஒரு சத்தம் வந்துச்சே? டப்பாவுல ஆணியப் போட்டுக் குலுக்கின மாதிரி. நீங்களும் நின்னுட்டுதான இருந்தீங்க. ஒண்ணும் சொல்லலயேன்னு விட்டுட்டேன்."

தட்டில் வைத்த கை அப்படியே நின்றது. இடது கையால் போனை எடுத்தார். ஏழெட்டு முறை மணி அடித்த பிறகு மகள் எடுத்தாள்.

"எங்கம்மா இருக்க?"

"திரும்பி வந்துட்டிருக்கேன்பா. பாதி மலை ஏறியாச்சு. ஓரமா நிறுத்தித் தண்ணி குடிக்கறேன். வண்டி என்னமா இழுக்குது தெரியுமா! லாரியெல்லாம் எனக்குப் பின்னாடிதான்."

"சத்தம் ஏதாவது வருதா?"

"ஆணி குலுங்கற மாதிரியா? அது முதல் நாள்லேர்ந்தே இருக்கே. இப்பக் கொஞ்சம் ஜாஸ்தி. நீங்க வச்சதாச்சே, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவர் தட்டை ஒதுக்கித் தள்ளினார்.

"வண்டிய அங்கயே விட்டுட்டு பஸ்ல வந்துடும்மா."

"வெளையாடறீங்களா? பெட்டியில ரத்தம் இருக்கு, கெட்டுப் போயிடும். ஏன், என்னாச்சு?"

எனக்குக் காது போய்விட்டது என்று சொன்னால் வண்டியைத் தொடமாட்டாள். மனைவி எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதனுக்கு வீம்பு எந்த நேரத்தில் வந்து குறுக்கே நிற்கிறது பாருங்கள்!

"ஒண்ணுமில்ல... எதுக்கும் இன்னொரு தடவ பாத்துடலாம்னுதான்."

"போங்கப்பா! உங்க காது வச்சுப் பாத்த வண்டிக்கு என்ன ஆகும்? இன்னும் ஏழு வளைவுதான். மேல போயிட்டுக் கூப்பிடறேன்."

வைத்துவிட்டாள். அவர் உடனே மறுபடி அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தார்.

"என்னங்க ஆச்சு? எனக்குப் பயமா இருக்கு, சொல்லுங்க!" என்று மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அந்தச் சத்தம் எனக்குக் கேக்கலடி. ஒரு வருஷமாவே கேக்கல. அவ வண்டிக்கு நான் குத்துமதிப்பாத்தான் வச்சேன்."

தோளிலிருந்து அவள் கை விலகியது.

"இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவதான் இப்ப லைன்ல இருந்தாளே!"

அவர் மறுபடியும் அடித்தார். மணி போனது, யாரும் எடுக்கவில்லை.