ஐம்பது குதிரை லியோனார்ட்

ராயபுரத்தில் லியோனார்டிடம் அடி வாங்கியவர்களை எண்ணுவதைவிட, வாங்காதவர்களை எண்ணுவது சுலபம். நான் வாங்கியவன். மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பல் இல்லாமல் திரிகிறேனே, அது அவன் கைங்கரியம். செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு நாலு வராது, இரண்டு வரலாம். ஆனால் அவன் கதையில் என் பங்கு ஒன்று இருக்கிறது. அதை நான் எழுதாவிட்டால் வேறு யாருக்கும் எழுதத் தெரியாது.

என் பெயர் பீம்ராவ். வீடு வியாசர்பாடி, பட்டறை தண்டையார்பேட்டை. டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற கலப்பை, டிரெய்லர், சேற்று வயலில் ஓட்டுவதற்கான இரும்புக் கூண்டுச் சக்கரம், எல்லாம் வெல்டிங் வைத்துச் செய்து கொடுப்பேன். மெட்ராஸில் எவன் உழுகிறான் என்று சிரிக்க வேண்டாம். புழலைத் தாண்டினால் அப்போது வயல்தான். மீஞ்சூர், பொன்னேரி வரைக்கும் எனக்கு வாடிக்கை இருந்தது.

லியோனார்ட் ஹார்பரில் கலாசி. கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது அதற்குச் சங்கிலி கட்டி, உயரத்தில் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரனுக்குக் கையால் சைகை காட்டுகிற வேலை. விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. அவன் முஷ்டியை மூடினால் உலகமே நிற்க வேண்டும். ஒருநாள் ஒரு கிரேன்காரன் நிறுத்தவில்லை. இரும்புச் சுருள் ஒன்று ஆடி வந்து, பக்கத்தில் நின்றவன் கையில் இரண்டு விரலை நசுக்கிவிட்டது. லியோனார்ட் ஏணியில் மேலே ஏறிப்போய் கிரேன்காரன் தாடையைப் பெயர்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினான். விரல் போனவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவனும் அவன்தான். நான் சொன்ன அந்த இரண்டு நல்ல வார்த்தையில் இது ஒன்று.

அவன் வேதம் ஒரே வரி. எந்தச் சரக்கானாலும் உச்சியில் பிடி, அடியில் பிடித்தால் தலைகீழாகக் கவிழ்ந்து ஆளைக் கொல்லும். இருபத்தாறு வருஷம் அந்த ஒரு வரியை வைத்தே வேலை பார்த்தான், அவன் கையில் ஒரு சரக்கும் கவிழவில்லை.

அவன் மனைவி சில்வியா. அவளுக்கு இடது காது கேட்காது. கல்யாணமான மூன்றாம் வருஷம் குழம்பில் உப்பு அதிகம் என்று ஒரு அறை விட்டான், அன்றோடு போனது அந்தக் காது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2002-ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். மீஞ்சூர் பக்கத்தில் சில்வியாவுக்குத் தாய்வழியில் வந்த மூன்று ஏக்கர் கிடந்தது. அதில் நெல் போடப் போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையில் பட்டறைக்கு வந்தான். எந்த டிராக்டர் வாங்கலாம் என்று என்னிடம்தான் கேட்டான். கேட்டானே தவிர, பதிலையும் அவனே கொண்டுவந்திருந்தான். ஐம்பது குதிரைத் திறன் வண்டி, அதற்குப் பின்னால் வட்ட இரும்புத் தட்டு மூன்று வைத்த கனமான சட்டிக் கலப்பை.

நான் ஒவ்வொன்றாக விசாரித்தேன். மூன்று ஏக்கரும் ஒரே துண்டா என்றால், இல்லை, வரப்பு பிரித்த ஏழு துண்டு, ஏழு மடை. மண் களிமண். வரப்பு குறுகல், வயலுக்குள் இறங்கும் வழியோ மாட்டுவண்டி அகலம். அந்த இடத்தில் பெரிய வண்டி திரும்புவதற்குள் பாதி மடை மிதிபட்டுப் போகும். கனம் தாங்காமல் களிமண்ணின் அடித்தட்டு உடையும், பிறகு ஒவ்வொரு வருஷமும் புதையும். இருபத்தைந்து குதிரை வண்டி, ஐந்து முனை வைத்த கொத்துக் கலப்பை, மண்ணைத் தூளாக்க நாலடி ரோட்டவேட்டர், ஒரு ஜோடி கூண்டுச் சக்கரம், இவ்வளவு போதும் என்றேன்.

“இன்னா ராவு, பொம்ம வண்டி காட்டுற? கப்பலயே காலி பண்ணவன் நானு. ஊர்ல நாலு பேரு பாக்க வோணாவா?”

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் வாய்க்கும் பூட்டுக் கிடையாது.

“குதிர பெருசா இருந்தா கொள்ளு அது துன்னும் மாமு, நீ பட்டினி கெடப்ப. நாலு பேரு பாக்கணும்னா யானை வாங்கிக் கட்டு.”

பட்டறைப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்த நிமிஷம் நான் சாணைக்கல் மேல் கிடந்தேன். வாயெல்லாம் ரத்தம், உள்ளங்கையில் பல். எழுந்து இரும்புப் பட்டை ஒன்றை எடுத்து அவன் முழங்காலில் போட்டேன். அவன் அதைப் பிடுங்கி என் தோளில் இரண்டு போட்டான். நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டையில் என் ரத்தத்தோடு போனவன், அடுத்த வாரமே ஐம்பது குதிரையை வாங்கிவிட்டான். பழைய வண்டிதான், ஆனால் சிவப்பு பெயின்ட் பளபளவென்று அடித்திருந்தது. மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, ராயபுரம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மீஞ்சூருக்கு ஓட்டிப் போனான்.

முதல் சேற்று உழவிலேயே வண்டி அச்சு வரைக்கும் இறங்கியது. பக்கத்து வயல் லட்சுமணன் இரண்டு மாடு வைத்து உழுகிறவர், வாயில்லாப் பிராணி மாதிரி மனுஷன். அவர் வரப்பில் நின்று, பாவம் மெட்ராஸ்காரரே, மாடு கொண்டு வரட்டுமா என்று கேட்டாராம். நல்லெண்ணத்தில் கேட்டதுதான். அவரைச் சேற்றில் தள்ளி, முகத்தை அமுக்கி, மூக்கை உடைத்துவிட்டான். வண்டியை வெளியே எடுக்க மூன்று நாள் ஆனது. அந்தப் போகத்தில் ஏழு மடையில் மூன்றுதான் நட்டார்கள். மீதி நாலு மடையும் பள்ளமும் மேடுமாகக் கிடந்தன.

அறுவடை முடிந்து மாசி மாதத்தில் சில்வியா பட்டறைக்கு வந்தாள். கன்னத்தில் வீக்கம். சட்டிக் கலப்பையைக் கழற்றிவிட்டு அதற்குப் பதில் கொத்துக் கலப்பை மாட்டித் தர வேண்டும், கூண்டுச் சக்கரத்துக்கும் அளவெடுக்க வேண்டும் என்று கேட்டாள். அவன் சம்மதித்துவிட்டானா என்று கேட்டேன். ஒருவழியாகச் சம்மதித்தான் என்றாள். வீக்கம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அவளுக்காகத்தான் போனேன். போகும்போதே நாக்கு பல் போன பொந்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

கனமான கலப்பையைத் தூக்குவதற்காக மூன்று குழாய் முக்காலியும், அதில் தொங்கவிட்டுச் சங்கிலி இழுத்துக் கனம் தூக்குகிற செயின் பிளாக்கும் டெம்போவில் ஏற்றிப் போயிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது, கலப்பையை அவனே கழற்றி ஓரமாகப் போட்டிருந்தான். வயல் மூலையில் வேலிகாத்தான் மரத்தை வெட்டியிருந்தார்கள், அடிக்கட்டை மட்டும் நின்றது. அந்தக் கட்டையை வேரோடு வண்டியால் பிடுங்கப் போகிறானாம். தன் ஐம்பது குதிரை எதற்கு ஆகும் என்று எனக்கும், வரப்பில் நின்ற லட்சுமணனுக்கும் காட்ட வேண்டுமாம்.

கட்டையில் சங்கிலியைச் சுற்றினான். மறுமுனையைக் கொண்டுவந்து வண்டியின் முதுகில், இருக்கைக்குப் பின்னால் உயரமாக இருக்கும் இரும்பு முளையில் மாட்டினான். ஹார்பர் கை அது, உச்சியைத்தான் தேடும். தூக்குகிற சரக்குக்கு அது சரி. இழுக்கிற டிராக்டருக்கு அதுதான் எமன். சங்கிலியை அச்சுக்குக் கீழே, வண்டியின் அடியில் இருக்கும் இழுவைப் பட்டையில்தான் மாட்ட வேண்டும். மேலே மாட்டி இழுத்தால் கட்டை அசையாது, வண்டியின் மூக்கு எழும்பும். எழும்பிய மூக்கு மூச்சு விடுவதற்குள் ஓட்டுகிறவன் மேலேயே வந்து விழும். பட்டறை வைத்திருக்கும் எவனுக்கும் இது தெரியும்.

நான் அந்த முளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, திரும்பி என்னைப் பார்த்தான்.

“இன்னா பாக்குற? எதுனா சொல்லணுமா?”

அவன் கேட்டான். நான் சொல்லாமல் விட்டேன் என்று மட்டும் இருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். அவன் கேட்டான்.

“ஒண்ணுமில்ல மாமு.”

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மூக்கு ஒரு முழம் எழும்பும், பயந்து கிளட்சை மிதிப்பான், லட்சுமணன் முன்னால் அசிங்கப்படுவான், என் பல்லுக்குக் கணக்குத் தீரும் என்று நினைத்தேன். மனசுக்குள் எனக்குச் சிரிப்புகூட இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

கிளட்சை ஒரே அடியாக விட்டான். சங்கிலி விறைத்தது. மூக்கு எழும்பியது, ஒரு முழத்தில் நிற்கவில்லை. சிவப்பு வண்டி பின்காலில் எழுந்து நின்ற மாதிரி இருந்தது, அடுத்த கணம் தலைகீழாகத் தரையில் விழுந்தது. பின்சக்கரம் இரண்டும் ஆகாயத்தில் சுற்றிக்கொண்டே இருந்தன. டீசல் ஒழுகியது. நான் ஓடிப்போய் என்ஜினை அணைத்தேன். மட்கார்டு அவன் இடுப்பையும் நெஞ்சையும் அழுத்திக்கொண்டிருந்தது. காதிலிருந்து ரத்தம் வந்தது. கண் திறந்திருந்தது, பேச்சு வரவில்லை. வலது கை மட்டும் வெளியே இருந்தது.

கிணற்றடியிலிருந்து சில்வியா ஓடி வந்தாள். லட்சுமணனும் நானும் முக்காலியை நிறுத்தினோம், அதில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டோம். கைக்கு எட்டியது சக்கரத்தின் விளிம்புதான், அங்கே கொக்கியைப் போட்டேன். லியோனார்டின் கை அசைந்தது. வேண்டாம் என்று விரலை ஆட்டினான். பிறகு மேலே காட்டினான், இன்னும் மேலே, இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் அச்சை. நான் போட்ட இடத்தில் தூக்கியிருந்தால் வண்டி உருண்டு மறுபடி அவன் மேல்தான் விழுந்திருக்கும். இந்த முறை அவன் வேதம் சரியாக இருந்தது. அவன் சொன்ன இடத்தில் மாட்டினேன்.

விரலை மேலே காட்டிச் சுற்றினான். நாங்கள் சங்கிலியை இழுத்தோம். வண்டி நாலு விரல் உயர்ந்தது. இன்னும் சுற்றினான். ஒரு சாண் உயர்ந்தது. மூக்கு உடைந்த லட்சுமணனும் பல் உடைந்த நானும் அவன் ஒற்றைக் கைக்குக் கட்டுப்பட்டு இழுத்துக்கொண்டிருந்தோம்.

அப்போது முஷ்டி மூடியது.

நிறுத்தினோம். முக்காலி வழுக்குகிறதா, சங்கிலி நழுவுகிறதா, எங்களுக்குத் தெரியாதது எதையோ அவன் பார்த்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் முஷ்டியை மீறியவன் தாடை என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். விரல் திறக்கட்டும் என்று சங்கிலியைப் பிடித்தபடி காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. லட்சுமணனின் கையெல்லாம் வேர்த்தது. முஷ்டி திறக்கவில்லை.

சில்வியா மண்ணில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். பிரித்த விரல் திரும்ப மடங்கவில்லை. அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

காசிமேட்டுக் கல்லறையில் புதைத்தார்கள். கிரேன்காரன் வந்திருந்தான், தாடை கோணலாகவே இருந்தது. அவன்தான் எல்லோரையும்விட அதிகமாக அழுதான். நான் ஒரு ஓரமாக நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

ஆடி பிறக்கும் முன் சில்வியா பட்டறைக்கு வந்தாள். அந்த வண்டியை வந்த விலைக்கு விற்றுவிட்டாள். டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு வருகிறாளாம், லட்சுமணன் வீட்டில் துணைக்கு இருக்கிறார்களாம். வயலை விடப் போவதில்லை, ஒரு சின்ன வண்டி பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை.

“அண்ணே, அன்னிக்கு வண்டில குந்திகினு அவரு திரும்பி உங்கள இன்னாவோ கேட்டாரு. நான் கெணத்தாண்ட நின்னுகினு இருந்தேன், கேக்காத காதுப் பக்கம். வாய் அசஞ்சது தெரிஞ்சுது. இன்னா கேட்டாரு?”

பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. லட்சுமணன்கூடத் தூரத்தில்தான் நின்றார். ஆனால் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சங்கிலி எங்கே இருந்தது, அவன் என்ன கேட்டான், நான் என்ன சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அறைந்தாள். முழு பலத்தோடு, என் இடது காதோடு சேர்த்து. லியோனார்ட் அடித்த அத்தனை அடியையும் வாங்கி வைத்திருந்த கை, எங்கே அடித்தால் எவ்வளவு வலிக்கும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. பட்டறையில் எல்லாச் சத்தமும் நின்றுபோய் ஒரே ரீங்காரம். யாரும் கிட்டே வரவில்லை. நானும் கையைத் தூக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அவள் அழவில்லை. மூச்சு வாங்கியது, அது அடங்கும் வரைக்கும் நின்றாள்.

“இப்ப சொல்லு. மூணு ஏக்கருக்கு எத்தினி குதிர? சங்கிலிய எங்க மாட்டணும்?”

சாக்கட்டியை எடுத்து, தரையில் டிராக்டர் படம் போட்டேன். இருபத்தைந்து என்று எழுதினேன். அச்சைக் காட்டி, அதற்குக் கீழே இழுவைப் பட்டை இருக்கும் இடத்தில் ஒரு வட்டம் போட்டு, இங்கேதான், வேறெங்கும் கூடாது என்றேன். அவள் குனிந்து, அந்த வட்டத்தில் விரலை வைத்து, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். நான் எழுந்து அவள் வலது பக்கமாகப் போய் நின்று மறுபடி சொன்னேன்.