மழைத்துணிக்குள் இருந்த சூடு

கடலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டவள் நான்தான். போன வருடம் மகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. இனி வரக்கூடாது என்று மாதாவிடம் கேட்டேன். உடம்பு சூடாகும்போதே மருந்து கொடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தெர்மாமீட்டரும் சிரப்பும் என் பையில் மேலாகவே இருந்தன. இரண்டு வயதுக் குழந்தையோடு கிளம்பியது பக்தியா பிடிவாதமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

கணவர் ஆன்லைனில் ஒரு பாஞ்சோ வாங்கியிருந்தார். நடுவில் தலை நுழைக்கத் தொப்பி வைத்த பெரிய மழைத்துணி. நடக்கும்போது முதுகுப் பையையும் சேர்த்து மூடும். தங்கும்போது நான்கு மூலையிலும் கயிறு கட்டினால் கூரையாகும். சுமை குறையட்டும் என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

குடிகாடு தாண்டியதும் மழை பிடித்தது. எங்கள் பங்குக் கோயிலிலிருந்து கூட வந்தவர்கள் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். நான் மகளை மார்போடு துணியில் கட்டி, மேலே பாஞ்சோவைப் போட்டேன். முன்னால் பிள்ளை, பின்னால் பை.

“என்னா மச்சான், கொட்டாயையே பேத்து எடுத்தாந்துட்டியா?” என்று கூட நடந்தவர் ஒருவர் என் கணவரைக் கேட்டார். நானும் சிரித்தேன்.

உள்ளே காற்றே இல்லை. காவிப் புடவை வியர்வையில் ஒட்டிக்கொண்டது. மகளின் கன்னம் என் கழுத்தில் சுட்டது. புழுக்கம் என்று நினைத்தேன். கழற்றிப் பார்க்கலாமா என்று இரண்டு முறை தோன்றியது. நனைந்தால் காய்ச்சல் வருமே என்று விட்டுவிட்டேன். அவள் தூங்கிவிட்டதுகூட நிம்மதியாக இருந்தது.

ஆலப்பாக்கத்துக்குப் பிறகு மழை வலுத்தது. மற்றவர்கள் அடுத்த ஊரில் தங்கலாம் என்று முன்னே போய்விட்டார்கள். நாங்கள் சாலையோரம் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே பாஞ்சோவைக் கட்டினோம். தொப்பியின் வாயை முடிச்சுப் போட மறந்ததால் நடுவில் ஒழுகியது. கணவர் அதைக் கையால் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். காற்று பட்டதும் என் உடம்பு குளிர்ந்தது. மகளின் உடம்பு குளிரவில்லை.

தெர்மாமீட்டர் நூற்றுமூன்று காட்டியது. சிரப் கொடுத்தேன். பாதி வழிந்துவிட்டது. பஸ் ஏறலாம் என்றேன்.

“ஏறிட்டா நடந்ததெல்லாம் போயிடுமே,” என்றார் அவர். நேர்ந்துகொண்டு நடப்பவர்கள் நடுவில் வண்டி ஏறுவதில்லை. அவர் குரலில் கோபமில்லை, பயம்தான்.

“போவட்டுங்க. கைய காட்டுங்க.”

அவர் கூரையை விட்டுவிட்டுச் சாலைக்கு ஓடினார். சிதம்பரம் பஸ் நின்றது. ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் மகளின் கண்கள் மேலே செருகின. கை கால் இழுத்தது. பக்கத்து சீட்டு அம்மா, இரும்பு பட்டால் நிற்கும் என்று சாவிக்கொத்தை நீட்டினார். அதனால் ஒன்றும் ஆகாது என்று படித்திருக்கிறேன். ஆனாலும் வாங்கி அந்தச் சின்னக் கையில் வைத்தேன். நிற்கவில்லை.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் நின்றது. மகள் கண் திறந்தாள். என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டே, காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்.

கணவர் என்னைப் பார்த்தார். குடிகாட்டிலேயா, அதற்கும் முன்பா என்று யோசித்தேன்.

“தெரியலங்க,” என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். “கொழந்த யாருகிட்டம்மா இருந்துச்சு?”

“எங்கிட்டதான்.”